இருவர் மிதிக்கும் சைக்கிளில் கோத்தகிரியிலிருந்து இறங்கிக் கடற்கரைச் சாலைக்குப் போகலாமா?

கேள்வி (கோத்தகிரி):
பொங்கல் முடிந்த கையோடு, சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக நாகப்பட்டினம் வரை டேண்டம் சைக்கிளில் செல்ல நானும் பார்வையற்ற என் தம்பியும் திட்டமிட்டிருக்கிறோம். முன்னால் நான், பின்னால் அவன். வண்டி வாங்கியாயிற்று; இரு சக்கரங்களிலும் சக்கர விளிம்பை அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக்தான் உள்ளது. வீட்டு வாசலிலிருந்தே கிளம்பி, அரவேணு, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையத்துக்கு மிதித்தே இறங்கி, அங்கே ரயில் ஏற வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக இருக்கிறான். தனி சைக்கிளில் இந்தப் பாதை எனக்குப் பழக்கம். இருவர் வண்டியில் இறங்குவது எந்த அளவுக்கு வேறுபடும்? கடற்கரையில் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

பதில் (குன்னூர்):
மிகவும் வேறுபடும் நண்பரே. இரண்டு ஆட்களும் வண்டியும் சேர்ந்து 160 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வேறுபாடு 1,400 மீட்டருக்கு மேல். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 7 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் சாலையும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும் மீதியெல்லாம் பிரேக்கின் தலையில்தான் விழும். எடை இரு மடங்கானாலும் காற்றை எதிர்க்கும் பரப்பு ஏறக்குறைய ஓர் ஆளுடையதுதான் என்பதால், வண்டி தனி சைக்கிளைவிட வேகமாக ஓடப் பார்க்கும். நீங்கள் விடாமல் பிரேக் பிடிக்கப் பிடிக்க ரிம் சூடேறி, டியூபில் அழுத்தம் கூடி, ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் டயர் கழன்றோ வெடித்தோ போகக்கூடும். இடையில் நிறுத்தி ரிம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுரீரென்று ஆவியாவதை நீங்களே பார்க்கலாம். ரிம்மைத் தொடாமல் சக்கரத்தின் நடுவில் பிடிக்கும் டிரம் பிரேக் ஒன்றைப் பின்சக்கரத்துக்குத் தனியாகப் பொருத்துங்கள். இல்லையேல் வண்டியைப் பிக்கப்பில் ஏற்றிக் கீழே அனுப்புங்கள். குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலையைக் கடக்கும் என்பதால் விடியுமுன் கிளம்புவதும் வேண்டாம்.

பதில் (கொடைக்கானல்):
எங்கள் ஏரியைச் சுற்றியுள்ள சுமார் 5 கி.மீ. சாலையில் வாடகை டேண்டத்தை எடுப்பவர்கள் முதலில் தடுமாறுவது மிதிக்கத் தெரியாததால் அல்ல, ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாததால்தான். முன்னவர் மிதிப்பதை நிறுத்தினால் பின்னவர் காலும் நின்றுவிடும். பார்வை உள்ளவருக்கும் பின்னால் உட்கார்ந்தால் முன்னவரின் முதுகுதான் தெரியும். அந்த வகையில் உங்கள் தம்பிக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளம், கியர், பிரேக் என எதையும் ஒரு நொடி முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

பதில் (கடலூர்):
நல்ல திசையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஜனவரியில் வடகிழக்குக் காற்று வீசுவதால், தெற்கு நோக்கி வருபவரை அது பெரும்பாலும் முதுகில் தள்ளிக்கொண்டே வரும். மாமல்லபுரம், மரக்காணம் உப்பளங்கள், புதுச்சேரி வரை சாலை சமதளம். டேண்டத்துக்கு ஏற்ற இடம் அதுதான். கொள்ளிடத்தைத் தாண்டினால் சம்பா அறுவடைக் காலம். பல இடங்களில் நெல்லையும் வைக்கோலையும் சாலையிலேயே காயப்போட்டிருப்பார்கள். நீண்ட வண்டியைச் சட்டென ஒடிக்க முடியாது என்பதால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். உப்புக்காற்று செயினை விரைவில் துருவேற்றும். தினமும் மாலையில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் விடுங்கள்.

கேட்டவர் (கோத்தகிரி):
அனைவருக்கும் நன்றி. டிரம் பிரேக் பொருத்தினால் அதன் பிடியைத் தன் கையில் தர வேண்டும் என்கிறான் தம்பி. கொடுக்கலாமா?

பதில் (குன்னூர்):
தாராளமாகக் கொடுங்கள், அதைப் பின்னவர் பிடிப்பது வழக்கம்தான். நீங்கள் சொன்னதும் ஒரே அளவில் பிடித்திருப்பது அவர் பொறுப்பு, வளைவுகளில் வேகத்தைக் குறைப்பது உங்கள் பொறுப்பு. முதலில் கோடநாடு சாலையின் சிறு இறக்கங்களில் இருவரும் பழகுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் நாளில், கை வலிக்கும்வரை காத்திராமல் அரவேணுவிலேயே முதல் முறை நிறுத்தி டிரம்மையும் ரிம்மையும் ஆறவிடுங்கள்.