சோழர் காலம் வரை கணினி தாங்குமா? பழைய கணினிகளில் சிவிலைசேஷன் 7 ஓடிய அனுபவங்கள்

தஞ்சாவூரிலிருந்து

புதுக் கணினி வாங்கும் நிலையில் இல்லாதவர்கள் ஒரு நாகரிகத்தைத் தொடக்கத்திலிருந்து வளர்த்துக்கொண்டு செல்லும் சிவிலைசேஷன் 7 என்ற கணினி விளையாட்டுக்குப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி நம் நண்பர்களிடையே அடிக்கடி எழுகிறது. பத்து வயதைத் தாண்டிய மேசைக் கணினி ஒன்றில் இந்த விளையாட்டின் மூன்று யுகங்களையும் ஆடி முடித்தவன் என்ற முறையில், எது ஓடியது, எங்கே திணறியது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னுடையது, சென்னையில் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து கழிக்கப்பட்டு, செகண்ட் ஹேண்ட் கடை வழியாகத் தஞ்சைக்கு வந்து சேர்ந்த கணினி. உள்ளே இருப்பது 2013-இல் வெளிவந்த நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர். அதனுடன் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டைச் சேர்த்திருக்கிறேன். அந்தக் கார்டு 75 வாட்டுக்குள் அடங்கிவிடுவதாலும், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின் இணைப்பு தேவைப்படாததாலும், அலுவலகக் கணினியோடு வரும் சிறிய எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரம் வழங்கும் பெட்டியை) மாற்றாமலேயே பொருத்திக்கொள்ள முடிந்தது.

2025 பிப்ரவரியில் விளையாட்டு வெளிவந்தபோது, குறைந்தபட்சத் தேவையாக ஐ3 10100 அல்லது ரைசன் 3 1200 பிராசசர், 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 அல்லது ஆர்எக்ஸ் 460 கிராபிக்ஸ் கார்டு, 20 ஜிபி இடம் என்று அறிவித்திருந்தார்கள். இந்தப் பட்டியலை ஊன்றிப் படித்தால் ஒன்று விளங்கும். கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டும் 2016-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஆகவே படத்தைத் திரையில் வரைவது பெரிய சுமை அல்ல. பிராசசர்கள் இரண்டுமே நான்கு கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதி) கொண்டவை. என் அனுபவத்தில் இந்த நான்கு கோர் என்பதுதான் உண்மையான வாசற்படி. பிராசசர் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பது அதற்கு அடுத்துத்தான் வரும்.

தஞ்சைக்காரர்கள் இந்த விளையாட்டை வாங்க ஆசைப்படுவதற்கு ஒரு காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே: இதில் சோழர்கள் ஒரு நாகரிகமாக வருகிறார்கள், பெரிய கோயிலை உலக அதிசயங்களில் ஒன்றாகக் கட்டலாம், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுப் பெயர்களைக்கூடத் திரையில் பார்க்கலாம். ஆனால் சோழர்கள் முதல் யுகத்தில் இல்லை. ஆட்டம் தொன்மை, எக்ஸ்ப்ளோரேஷன், நவீனம் என மூன்று யுகங்களாகப் பிரிந்திருக்கிறது; சோழர்கள் இரண்டாவதில்தான் வருகிறார்கள். கடல் கடந்த நிலங்கள் திறந்து, ஊர்களும் கப்பல்களும் பெருகி, பிராசசருக்கு வேலை கூடுவதும் அதே யுகத்தில்தான். அதனால், முதல் ஒரு மணி நேரம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்பதை வைத்துப் பழைய கணினிக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது.

ஒவ்வொரு டர்னின் (ஆட்ட முறையின்) முடிவிலும், கணினியே ஆடும் எதிராளிகள் ஒவ்வொருவருக்குமாகப் படை நகர்வு, வணிகம், கட்டுமானம் ஆகியவற்றைப் பிராசசர்தான் கணக்கிட வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கு அந்த நேரத்தில் பெரிதாக வேலை கிடையாது. என் கணினியில் தொன்மை யுகத்தின் தொடக்கத்தில் கண் சிமிட்டுவதற்குள் முடிந்த இந்தக் கணக்கு, இரண்டாம் யுகத்தின் பிற்பகுதியில் அரை நிமிடத்தை நெருங்கியது. யுகம் மாறும்போது படைகள் குறைக்கப்பட்டு, நகரங்கள் பலவும் சிற்றூர்களாக மாற்றப்படுவதால், அடுத்த யுகத்தின் முதல் சில டர்ன்கள் மீண்டும் லேசாகின்றன. பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்த இடைவெளி பெரிய உதவி.

முதலில் 8 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் மட்டுமே இருந்தன. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடியபோது, பிராசசர் பாதி அளவிலேயே நின்றிருக்க, டிஸ்க் வரிசை மட்டும் சிவந்து நூறு சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ரேம் நிறைந்துவிட்டதால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுத்துக்கொண்டிருந்தது என்பது அதன் பொருள். இன்னொரு 8 ஜிபி ரேமையும், சாட்டா கேபிளில் இணையும் சாதாரண எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) ஒன்றையும் போட்ட பிறகு அந்தத் தடங்கல் முற்றிலும் நின்றது. கிராபிக்ஸ் கார்டை மாற்றத் துடிப்பவர்கள் முதலில் இந்த இரண்டையும் செய்யுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

அமைப்புகளைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் குறைந்த நிலையில் வைத்து, நிழல்களை நீக்கி, திரை அளவை 1600க்கு 900 என்று வைத்தேன். அதற்கும் கீழே இறக்கினால் வேகம் கூடுகிறதுதான். ஆனால் கட்டங்களின் மேல் வரும் உணவு, உற்பத்தி எண்கள் கலங்கிப் போய், கணக்குப் பார்த்து ஆட வேண்டிய விளையாட்டில் கணக்கே தெரியாமல் போகிறது. எதிராளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துச் சிறிய வரைபடத்தில் ஆடுவது எந்தக் கிராபிக்ஸ் அமைப்பையும்விடப் பெரிய பலனைத் தந்தது.

வாங்குவதற்குத் தயங்குபவர்களுக்கு ஒரு வழி உண்டு. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தைத் தொன்மை யுகத்தில் செலவழிக்க வேண்டாம். ஆட்டத்தைத் தொடங்கும்போதே எக்ஸ்ப்ளோரேஷன் யுகத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. நேராகச் சோழர்களை எடுத்துக்கொண்டு, நீங்கள் ஆட நினைக்கும் வரைபட அளவிலேயே தொடங்கி டர்ன்களை ஓட்டிப் பாருங்கள். யுகத்தின் கடைசியில் வரும் முழுச் சுமை அதில் தெரியாது என்றாலும், கணினி எந்த இடத்தில் முட்டுகிறது என்பது தெரிந்துவிடும்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து

தஞ்சாவூர் அண்ணன் எழுதியதில் ரேம் பற்றிய பகுதியை நானும் வழிமொழிகிறேன். மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

என்னிடம் இருப்பது ரைசன் 5 3500யு பிராசசர் கொண்ட, கல்லூரிக் காலத்தில் வாங்கிய மடிக்கணினி. தனிக் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகா 8 கிராபிக்ஸ், கணினியின் ரேமையே பங்குபோட்டுக்கொள்கிறது. ஒரே ஒரு 8 ஜிபி ரேம் இருந்தவரை வரைபடத்தை இழுத்தாலே படம் வெட்டி வெட்டி நகர்ந்தது. காலியாக இருந்த இன்னொரு ஸ்லாட்டில் அதே வேகமுள்ள 8 ஜிபி ரேமைச் சேர்த்ததும், இரண்டு வழிகளில் தரவு போய்வரத் தொடங்கியதால், படம் ஓடும் வேகம் கண்ணால் பார்த்தே சொல்லும் அளவுக்கு உயர்ந்தது. உள்ளமைந்த கிராபிக்ஸை நம்பியிருப்பவர்கள், ஒரே 16 ஜிபி ரேமாக வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டாகப் போடுவதே சிறந்தது.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. எங்கள் வீடு களத்தை ஒட்டியது. தை மாதத்தில் சம்பா அறுவடை தொடங்கி, அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிவிட்டால், பதரும் தூசியும் ஜன்னல் திரை வரை படியும். அந்த மாதத்தில் ஆட்டம் முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு திடீரென்று பாதி வேகத்துக்கு இறங்கும். வெப்பநிலையைப் பார்த்தால் 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த நிலையில் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடிமூடியைக் கழற்றியபோது பேன் சுழல்வதில் குறை ஒன்றும் தெரியவில்லை. பேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில், நெல்லின் சுணையும் தூசியும் சேர்ந்து, வெளிர்மஞ்சள் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படலம் அடைத்துக்கொண்டு நின்றது. அதைத் தூரிகையால் எடுத்து, பிராசசரின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும், காய்ந்து தூளாகிப் போயிருந்த தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிய பிறகு வெப்பநிலை எண்பதைத் தாண்டவில்லை. டர்ன் முடிவில் காத்திருக்கும் நேரமும் குறைந்தது. அறுவடை முடிந்ததும் இதைச் செய்துவிடுவது இப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது. தூசியைக் காற்றால் ஊதி எடுப்பதானால், பேனை விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுழன்றால் பழுதாகும்.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. மேசைக் கணினியில் ஆடுபவர்கள் யுபிஎஸ் இல்லாமல் ஆட வேண்டாம். ஒவ்வொரு டர்னுக்கும் தானாகச் சேமிக்கும்படி அமைத்துக்கொண்டால் மின்வெட்டில் ஆட்டம் வீணாகாது.

வேதாரண்யத்திலிருந்து

அரசு தந்த விலையில்லா மடிக்கணினிதான் என்னிடம் இன்றும் இருக்கிறது. முதல் சில ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றில் ஒன்று, 2 ஜிபி ரேம் கொண்டது. அதே போன்ற கணினி வைத்திருப்பவர்கள் பலர் இங்கே இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். சிவிலைசேஷன் 7 இதில் ஓடாது, முயலவும் வேண்டாம். விளையாட்டுக்கு டைரக்ட்எக்ஸ் 12 (விளையாட்டு கிராபிக்ஸை இயக்கப் பயன்படுத்தும் விண்டோஸ் மென்பொருள்) வேண்டும். இதிலுள்ள கிராபிக்ஸுக்கு அந்த வசதியே இல்லை. ஸ்டீம் செயலியும் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது.

நான் விண்டோஸ் 10-க்கு மாறி, ரேமை 4 ஜிபியாக்கி, 2010-இல் வந்த சிவிலைசேஷன் 5-ஐ ஆடுகிறேன். முப்பரிமாணக் காட்சியை விட்டுவிட்டு, தட்டையான வரைபடமாகக் காட்டும் ஸ்ட்ராடஜிக் வியூவுக்கு மாறிக்கொண்டால், சிறிய உலகத்தில் கடைசி வரை தடையின்றி ஆட முடிகிறது. எங்கள் ஊர்க் கடற்காற்றின் உப்பு ரேமின் பொன்னிற முனைகளில் படிந்து, கணினி உயிர்பெறாமல் போவது இங்கே அடிக்கடி நடக்கும். அப்படி நடந்தால் ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்த முனைகளை மெதுவாகத் தேய்த்து மீண்டும் பொருத்திப் பாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து மீண்டும்

மன்னார்குடித் தம்பிக்கு: உங்கள் கணினியில் இரண்டாம் யுகத்தின் இறுதியில், ஆறு எதிராளிகளோடு, ஒரு டர்ன் முடிய எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து எழுதினால், மடிக்கணினியில் வாங்க நினைப்பவர்களுக்கு மிகவும் பயன்படும். வரைபட அளவையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.