பாஸ்பாரிக் அமிலப் பாட்டிலில் படிகம்: கெட்டுப்போய்விட்டதா?

கேள்வி (அடிவாசகன்):
எங்கள் ஆய்வகத்தில் 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் ஒரு பாட்டில், ஏசி அறையில் இருக்கிறது. மாதக்கணக்கில் தெளிவாகத்தான் இருந்தது. நேற்று பிப்பெட்டை (திரவத்தை அளந்து எடுக்கும் குழாய்) உள்ளே விட்டதுமே நிறமற்ற படிகங்கள் கிளம்பி, மாலைக்குள் பாதி பாட்டில் கட்டிவிட்டது. தூய அமிலத்தின் உருகுநிலை 42 டிகிரி என்கிறது புத்தகம். இதில் தண்ணீரும் கலந்திருக்கிறதே, அப்புறம் ஏன் உறைகிறது? மேலே நிற்கும் திரவத்தை மட்டும் எடுத்துப் பயன்படுத்தலாமா?

பியூரெட்காரர்:
கெடவில்லை. ஆனால் மேலே நிற்பதை மட்டும் ஊற்றி எடுக்காதீர்கள்.

தண்ணீர் உறைநிலையை இறக்கத்தான் செய்கிறது. 75 சதவீதம் என்றால் சுமார் மைனஸ் 17 டிகிரி வரை தாங்கும், 80 சதவீதம் ஏறக்குறைய 5 டிகிரி வரை. 85க்கு வந்தால் 21 டிகிரியிலேயே உறையலாம். உங்கள் ஏசி அறைக்கு அது போதும். இத்தனை மாதம் உறையாமல் இருந்ததற்குக் காரணம் மிகைக்குளிர்வு, அதாவது உறைநிலைக்குக் கீழே போயும் திரவமாகவே நிற்பது. ஒரு மூலக்கூறில் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள், ஒரு ஆக்சிஜன். எல்லாம் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பில் மாட்டிக்கொண்டு நிற்பதால் எண்ணெய் போலத் தடிப்பாக இருக்கும், சீக்கிரத்தில் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளாது. பிப்பெட் முனையில் ஒரு தூசி இருந்தாலே படிகமாதல் ஆரம்பித்துவிடும்.

விழுந்திருப்பது தூய அமிலம் அல்ல, அரைநீரேறி: இரண்டு அமில மூலக்கூறுக்கு ஒரு தண்ணீர். உருகுநிலை சுமார் 29 டிகிரி. அதில் அமிலம் 91.6 சதவீதம். அப்படியானால் மிச்சத் திரவம் 85ஐ விட நீர்த்துப்போயிருக்கும், 85 சதவீதத்துக்குரிய 14.6 மோலார் (லிட்டருக்கு இத்தனை மோல்) என்று கணக்குப் போட்டு அதை எடுத்தால், பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) தவறாகத்தான் வரும்.

மூடியைத் தளர்த்தி, 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வையுங்கள். முழுக்க உருகியதும் மூடி, நன்றாகக் கலக்கிவிட்டு எடுங்கள். கையுறை, பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி கட்டாயம். வாடையும் புகையும் இல்லாததால் இந்த அமிலத்திடம் எல்லோரும் அசட்டையாக இருப்பார்கள். தோலில் பட்டால் அது பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது.

அடிவாசகன்:
நன்றி. நேரடியாக ஹாட் பிளேட்டில் சூடாக்கினால் சீக்கிரம் உருகாதா?

பியூரெட்காரர்:
வேண்டாம். தடிப்பான திரவம், அடியில் மட்டும் சூடேறும், பாட்டில் விரிசல் விடலாம். 158 டிகிரி வாக்கில் கொதிக்கும்போது போவது தண்ணீர், செறிவு ஏறிக்கொண்டே போகும். 200 டிகிரியைத் தாண்டினால் மூலக்கூறுகள் தண்ணீரை இழந்து ஒன்றோடொன்று ஒட்டி பைரோபாஸ்பாரிக் அமிலமாகும். அந்தச் சூட்டில் கண்ணாடியையும் அரிக்கும்.

நீலலிட்மஸ்:
செறிவில் சந்தேகம் இருந்தால் டைட்ரேஷன் (காரத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு அமிலத்தை அளப்பது) செய்து பார்க்கலாமே? மூன்று ஹைட்ரஜன் இருந்தும் எனக்கு இரண்டு முடிவுநிலைதான் (நிறம் மாறும் இடம்) கிடைக்கிறது.

பியூரெட்காரர்:
தாராளமாக. மூன்று ஹைட்ரஜனின் பிகேஏ மதிப்புகள் (கூடக்கூட அமிலம் பலவீனம்) 2.15, 7.20, 12.35. மூன்றாவது ஹைட்ரஜன் தண்ணீரில் அவ்வளவு பலவீனம், வளைவில் தாவலே தெரியாது. நிறங்காட்டிகளில் மெத்தில் ஆரஞ்சுக்கு முதல் முடிவு, இளஞ்சிவப்பாக மாறும் பினால்ப்தலீனுக்கு இரண்டாவது. இரண்டுக்கும் ஆகும் சோடியம் ஹைட்ராக்சைடு சமமாக இருக்க வேண்டும். முதலாவதற்கு அதிகம் பிடித்தால் வேறு வலிய அமிலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவதையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால், இளஞ்சிவப்பு வந்ததும் நடுநிலையான கால்சியம் குளோரைடு கரைசலைத் தாராளமாக ஊற்றுங்கள். கால்சியம் பாஸ்பேட் வெள்ளையாக வீழ்படியும், விடுபட்ட ஹைட்ரஜனால் இளஞ்சிவப்பு மறையும். அதற்கப்புறம் பியூரெட்டை (காரம் சொட்டும் அளவுக்குழாய்) திறந்து தொடரலாம்.