கருங்கல்லை மணல் தின்னுமா?

திருப்பணிப்பித்தன்: அழுக்குப் போகக் கோயில் சுவரில் மணல் வீச்சு (காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சுவது) அடிப்பது கொலைக்குச் சமம் என்று கல்வெட்டுக்காரன் எழுதியிருக்கிறார். சிரிப்புதான் வருகிறது. அது கருங்கல் ஐயா, கருப்பட்டி இல்லை. ஆயிரம் வருஷ மழை வெயிலுக்கு அசையாதது அரைமணி நேர மணலுக்கா கரையும்? எண்ணெய்ப் பிசுக்கும் பழைய சுண்ணாம்பும் போய்க் கோயில் பளிச்சென்று இருந்தால் சிலருக்குப் பொறுக்காது.

கல்வெட்டுக்காரன்: கருங்கல்லில் குவார்ட்சும் இருக்கிறது, அதைவிட மென்மையான ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் இருக்கின்றன. நீங்கள் அடிக்கும் மணலோ பெரும்பாலும் குவார்ட்சு. காற்றழுத்தத்தில் அடித்தால் மென்மையானது முதலில் உதிரும், மேற்பரப்பு சொரசொரப்பாகும். அப்புறம் அழுக்கும் பாசியும் முன்னைவிடச் சீக்கிரம் ஒட்டும். கல்வெட்டு எழுத்தின் ஆழமே சில மில்லிமீட்டர்தான். அது சொல்லும் நில அளவில் ஒரு கீறல் மழுங்கினால், அந்த அளவு மாவா காணியா என்று யாரிடம் கேட்பீர்கள்?

திருப்பணிப்பித்தன்: கரையவில்லை, மழுங்குகிறது! நேற்றுக் 'கொலை', இன்று 'மழுங்கல்'. நாளை 'சிராய்ப்பு' என்பீர்கள். 1887இலிருந்து மைப்படி (கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் நகல்) எடுத்து அச்சிட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டெல்லாம் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' நூல்வரிசையின் 2ஆம் தொகுதியில் இருக்கிறது. போய்ப் படியுங்கள்.

கல்வெட்டுக்காரன்: படித்ததால்தான் பேசுகிறேன். அச்சிட்ட பாடத்தில் சந்தேகம் வந்தால் கல்லைத்தான் பார்க்க வேண்டும். அச்சேறாத மைப்படிகள் மைசூர் தொல்லியல் துறை அலுவலகத்தில் கிடந்து, அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர வழக்கு நடந்ததே, அது காதில் விழவில்லையா? ராஜராஜன் 'கல்லிலே வெட்டுக' என்றான். 'வெட்டிவிட்டு 12 வருஷத்துக்கு ஒருமுறை மணலால் தேய்க்க' என்று சொல்லவில்லை.

ஊர்க்குருவி: இந்தப் பாதுகாப்பு ஞானமெல்லாம் கோயிலை ஒட்டிக் குடியிருப்பவனிடம் சொல்லுங்கள். தொல்லியல் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். 2010இல் சட்டத்தைத் திருத்தினாலும் திருத்தினார்கள், மாடியில் ஓர் அறை எடுக்க வழியில்லை.

கல்வெட்டுக்காரன்: உங்கள் மாடிக்கும் மணலுக்கும் என்ன சம்பந்தம்?

ஊர்க்குருவி: உங்களுக்கு எங்கள் வீட்டைத் தவிர எல்லாவற்றோடும் சம்பந்தம் உண்டு.

திருப்பணிப்பித்தன்: அப்படிப் போடுங்கள்! தாராசுரம் கோயில் பற்றிய விவாதத்தில் சிமெண்ட் பூச்சு பற்றி நான் கேட்ட கேள்விக்கு இவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

கல்வெட்டுக்காரன்: மூன்று பத்தி எழுதினேன். சுண்ணாம்புக் காரை மூச்சு விடும், சிமெண்ட் ஈரத்தை உள்ளே பூட்டி உப்பைப் பூக்க வைக்கும் என்று. நீங்கள்தான் 'அருமை சார்' என்று கேலி செய்துவிட்டு ஓடினீர்கள். இப்போதும் நான் கேட்டது அப்படியே நிற்கிறது. மென்மையான தூரிகை, காகிதக்கூழ்ப் பற்று, நீர்த்த அம்மோனியா என்று வழிகள் இருக்க, எதற்கு மணல்?

திருப்பணிப்பித்தன்: கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாயிற்று, நீங்கள் பல் துலக்கும் பிரஷ்ஷோடு கோபுரம் ஏறுகிறீர்களா? பிரகாரம் முழுக்கக் கூழ் தடவ எத்தனை வருஷம் ஆகும்?

கல்வெட்டுக்காரன்: ஆகட்டுமே. நாள் குறிப்பதை அதற்கேற்பத் தள்ளுங்கள்.

ஊர்க்குருவி: என் மாடியையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பணிப்பித்தன்: அரைமணி நேர மணலில் அழிந்த ஓர் எழுத்தைக் காட்டுங்கள் என்றுதான் முதலிலிருந்து கேட்கிறேன். ஒன்றே ஒன்று!

கல்வெட்டுக்காரன்: அழிந்துபோனதை எப்படி ஐயா காட்டுவது?