சோலோவில் மூக்கு உடைந்த செஸ்னா: தப்பு மாணவன் மேலா, அனுப்பியவர் மேலா?

ரன்வே ராஜா:
நான் பைலட் பயிற்சி எடுத்த காலத்துக் கதை. ஊரும் பள்ளியும் வேண்டாம். கூடப் படித்தவனுக்கு மூன்றாவது சோலோ, அதாவது இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாகப் பறப்பது. விமானம் செஸ்னா 172. தரையிறங்க 65 நாட் (விமான வேகத்தின் அலகு) வேகத்தில் வரவேண்டியவன் 75-இல் வந்தான். சக்கரம் பட்டதும் விமானம் எகிறியது. பதறிப்போய் யோக்கை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, முன்னால் தள்ளிவிட்டான். மூக்குச் சக்கரம் முதலில் இடித்து மறுபடி எகிறல். மூன்றாவது இடியில் மூக்குக் கால் மடங்கி, ப்ரொப்பெல்லர் ரன்வேயைச் சீவிக்கொண்டே போனது. ஆளுக்குக் கீறல்கூட இல்லை. முதல் எகிறலிலேயே எஞ்சின் பவரைக் கூட்டும் த்ரோட்டிலை முழுக்கத் தள்ளி கோ-அரவுண்ட் (இறங்குவதைக் கைவிட்டு மேலேறி இன்னொரு சுற்று வருவது) போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. முழுத் தப்பும் அவனுடையதுதான்.

வைகைக்கரை:
அவனை சோலோவுக்கு அனுப்பியது யார் ராஜா? பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் இருக்கும்போது விமானம் எகிறினால் அவர் கை தானாக யோக்குக்குப் போய்விடும். ஆக, மாணவன் எகிறலைப் பார்த்திருப்பான், ஒரு தடவைகூடத் தானாகச் சமாளித்திருக்க மாட்டான். முதல் தடவை சமாளிக்கும்போது பக்கத்து சீட் காலி.

ரன்வே ராஜா:
வேகமானி கண் முன்னாடிதானே இருக்கிறது? 65-க்கும் 75-க்கும் பத்து நாட்தான் வித்தியாசம் என்று தோன்றும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அப்புறம், 2018-இல் அமெரிக்காவில் பெவர்லி விமான நிலையத்தில் என்ன நடந்தது? 17 வயது மாணவி தனியாகக் கிளம்பிய பைப்பர் விமானத்தில், கிளம்பும்போதே ஒரு சக்கரம் கழன்று விழுந்தது. அவள் காயமில்லாமல் இறக்கவில்லையா?

வைகைக்கரை:
அந்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. அவளுக்கு வானத்தில் யோசிக்க நேரம் இருந்தது, ரேடியோவில் இன்ஸ்ட்ரக்டரும் பேசினார். எகிறலில் கிடைப்பது ரெண்டு மூணு விநாடி. அதற்குள் கைக்குப் பழகியதுதான் வரும்.

பைலட்டின் அப்பா:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மணிக்கணக்கில் பணம் கட்டுகிறோம். இன்னொரு சுற்று என்றால் இன்னொரு செலவு, அந்தப் பயமும் பிள்ளைகளுக்கு உண்டு.

ரன்வே ராஜா:
சார், கமர்ஷியல் லைசென்சுக்கு எப்படியும் 200 மணி நேரம் பறந்தாகணும், அந்தச் சுற்றும் அதில் சேரும். காசை விடுங்கள், அவன் கோ-அரவுண்ட் போகாததற்குக் கௌரவம்தான் காரணம். கீழே பத்துப் பேர் டீ கிளாஸோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

பழைய இன்ஸ்ட்ரக்டர்:
சின்ன எகிறல் என்றால் மூக்கை அதே நிலையில் பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்தால் விமானம் பதமாக உட்காரும். பெரிது என்றால் முழு பவர், அப்புறம் இறங்குவதற்காக இறக்கையின் பின்பக்கம் இறக்கிவிட்ட ஃப்ளேப் தகட்டைப் படிப்படியாக ஏற்றணும். ஒரேயடியாக ஏற்றினால் விமானம் தொப்பென்று இறங்கும். இதையெல்லாம் போர்டில் எழுதிப்போட்டுவிட்டு, சொல்லிக்கொடுத்ததாக நானும் நினைத்ததுண்டு. ப்ரொப்பெல்லர் தரையில் பட்டால் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கணும், அந்த பில்லைப் பார்த்த பிறகுதான் பலருக்கு ஞானம் வருகிறது.

வைகைக்கரை:
ராஜா, உங்கள் இன்ஸ்ட்ரக்டர் அதற்கப்புறம் என்ன செய்தார்?

ரன்வே ராஜா:
அடுத்த வாரத்திலிருந்து, சோலோவுக்கு முன்னால் ஒவ்வொருவர் கூடவும் வேண்டுமென்றே ஒரு தடவை எகிறவைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு, எங்களையே சமாளிக்கவிட்டார்.

வைகைக்கரை:
அப்போ அவருக்கே தெரிந்திருக்கிறது.

ரன்வே ராஜா:
சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 75 நாட் அவன் கணக்குதான்.