ஹெக்ஸ் ஆட்டத்தில் ஸ்வாப் எதுக்கு?

அறுகோணன்:
நேத்து ஆன்லைன்ல ஹெக்ஸ் ஆடினேன். 11க்கு 11 பலகை, சாய்சதுரமா இருக்கும், கட்டமெல்லாம் அறுகோணம். எனக்குச் சிவப்பு, மேல் ஓரத்துல இருந்து கீழ் ஓரம் வரைக்கும் காய்கள் அறுபடாமச் சேரணும். எதிராளி நீலம், இடமிருந்து வலம். ஆசையா நட்டநடுவுல முதல் காயை வெச்சேன். முதல் காயை ரெண்டாவது ஆள் எடுத்துக்கலாம்ங்கிற விதி, அதான் "ஸ்வாப்"; அதைச் சொல்லி என் காயைத் தனதாக்கிக்கிட்டார்! விளையாட்டா, வழிப்பறியா? 1942ல டென்மார்க்ல பீட் ஹைன் கொண்டுவந்த ஆட்டம், விதியே ரெண்டு வரிதான். அதுல எதுக்கு இந்த ஒட்டு?

கடலைமிட்டாய்:
நடுவுல வெச்சா பிடுங்கத்தான் செய்வாங்க. ரெண்டாவது ஆளுக்கு ஜெயிக்கிற வழி இருக்குன்னு வைங்க. முதல் ஆள் எங்கயாவது ஒரு காயைப் போட்டுட்டு அதே வழியைத் திருடி ஆடுவார். இந்த ஆட்டத்துல ஒரு காய் கூடுதலா இருந்தா நஷ்டமே இல்ல. டிராவும் கிடையாது. அப்போ வெற்றி வழி முதல் ஆள்கிட்டதான். கணித மேதை ஜான் நாஷ் காட்டினது இதைத்தான். மிட்டாயை ஒருத்தன் உடைக்கணும், மத்தவன் முதல்ல எடுக்கணும். அதான் ஸ்வாப்.

அறுகோணன்:
நாஷ் வழி இருக்குன்னார், எந்த வழின்னு சொல்லலையே. 11க்கு 11ல யாரு அதை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கா? தெரியாத பேய்க்குப் பயந்து வீட்டை மாத்துற கதை.

புதுசா_வந்தவ:
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். டிரா எப்படி இல்லாமப் போகும்? பலகை நிரம்பிட்டா?

கடலைமிட்டாய்:
நிரம்பட்டுமே. நீலத்தை முழுசா மறிக்கணும்னா சிவப்பு மேலிருந்து கீழ வரைக்கும் சங்கிலியாப் போயே ஆகணும். மறிச்சதே வெற்றிதாம்மா.

அறுகோணன், வழி தெரிய வேண்டாம், பாலம் தெரிஞ்சாப் போதும். ரெண்டு காய் தள்ளி இருக்கும், இடையில ரெண்டு காலிக் கட்டம். நீங்க ஒண்ணுல வெச்சா அவர் மத்ததுல வெச்சு இணைச்சிடுவார். நடுக்காயில இருந்து ரெண்டு பக்கமும் இப்படியே போடலாம். நேத்து உங்களை அப்படித்தானே முடிச்சார்?

அறுகோணன்:
...ஆமா. சரி, இன்னிக்கு ராத்திரி வாங்க. ஸ்வாப்போடவே ஆடுவோம். முதல் காய் கூர்மூலையில.

கடலைமிட்டாய்:
அதை நான் தொடவே மாட்டேன். அங்க தொடங்கினா தோல்வின்னு நிரூபிச்சாச்சு.

அறுகோணன்:
நடுவுல வெச்சா பிடுங்குவீங்க, மூலையில வெச்சா தோப்பேன். இடையில ஏதோ ஒரு கட்டம் இருக்கு, தேடிட்டு வர்றேன். ஆனா ஸ்வாப் அசிங்கம்தான் சார்.