பனியில்லாத மலையில் வெள்ளை முயல்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஷெஃபீல்ட், இங்கிலாந்து:

பிப்ரவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பீக் டிஸ்ட்ரிக்டில் டெர்வென்ட் எட்ஜ் பக்கம் நடக்கப் போயிருந்தோம். மலையில் பொட்டுப் பனி கிடையாது. காய்ந்த ஹெதர் புதர், கறுத்த ஈர மண், பாறை, அவ்வளவுதான். அதற்கு நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளை. கூட வந்த நண்பர் ரொம்ப தூரத்திலிருந்தே கை நீட்டிக் காட்டினார். தேடவே வேண்டியிருக்கவில்லை.

மலைமுயல். இங்கிலாந்தில் இவை இருப்பது இந்தப் பகுதியில் மட்டும்தான். 19ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காக ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்ட முயல்களின் வம்சம். கோடையில் பழுப்பு, குளிரில் வெள்ளை, காது நுனி மட்டும் எப்போதும் கறுப்பு.

நாங்கள் கிட்டே போனபோதும் அது ஓடவில்லை. காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தது. சுற்றிலும் பனி இருந்திருந்தால் அது சரியான தந்திரம். மேலே ஒரு பசர்ட் பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது, கீழே நாங்கள் ஆளுக்கொரு கேமராவை எடுத்தோம். படங்கள் பிரமாதமாக வந்தன. எங்களுக்கே அவ்வளவு வசதி என்றால் நரிக்கு எவ்வளவு வசதி என்ற நினைப்புதான் வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்தியது. உங்களில் யாராவது இப்படி நிறம் தப்பிய விலங்குகளைப் பார்த்திருக்கிறீர்களா?

டொரோண்டோ, கனடா:

பார்த்திருக்கிறேன் அண்ணா. நவம்பரில் அல்கொங்குயின் பூங்காவுக்குப் பிள்ளைகளோடு போனோம். இலையெல்லாம் கொட்டிவிட்டது, ஸ்னோ இன்னும் விழவில்லை. பாதை ஓரத்தில் ஒரு ஸ்னோஷூ முயல், கால் நாலும் வெள்ளை, முதுகு பழுப்பு. சின்னவள் "அப்பா, சொக்ஸ் போட்ட முயல்" என்றாள். இலையுதிர்காலத்தில் காலும் காதும்தான் முதலில் வெளுக்குமாம், முதுகு கடைசியில்தான். வசந்தத்தில் முறை மாறி, தலையும் முதுகும் முதலில் பழுப்பாகும். முழுதாக மாற ஒன்றரை மாதம் அளவில் பிடிக்கும்.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தேன். ஸ்னோ விழுந்ததைப் பார்த்து முயல் நிறம் மாறுவதில்லை. பகல் குறைவதைக் கண் உணர்கிறது, இரவு நீள நீள மெலடோனின் கூடச் சுரக்கிறது, அது மற்ற ஹோர்மோன்களைக் கட்டுப்படுத்தி வெள்ளை முடியை முளைக்க வைக்கிறது. பகலின் நீளம் ஆயிரம் வருடத்துக்கு முன்பும் இதே கணக்கில்தான் குறைந்தது. ஸ்னோ மட்டும்தான் இப்போது நேரத்துக்கு வருவதில்லை. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் ஸ்கொட் மில்ஸ் என்பவரின் குழு முயல்களுக்கு ரேடியோ பட்டி கட்டி மூன்று வருடம் பின்தொடர்ந்தது. ஸ்னோ ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு மாதிரி. முயல்கள் மாறத் தொடங்கிய நாள் மட்டும் அநேகமாக அதேதான். வசந்தத்தில் வேகத்தைச் சற்றுக் கூட்டிக் குறைக்க அவற்றால் முடிகிறது, இலையுதிர்காலத்தில் அதுவும் இல்லை. நிலத்தோடு கொஞ்சமும் பொருந்தாத முயல் ஒரு வாரம் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு 7 சதவீதம் வரை குறைகிறது என்று 2016இல் எழுதினார்கள். ஒரு வாரத்துக்கு 7 என்பது சின்னதாகத் தெரியும். ஆறேழு வாரம் ஸ்னோ பிந்தினால் கூட்டிப் பாருங்கள்.

கோயம்புத்தூர்:

படிக்க நன்றாக இருக்கிறது, ஒரு சந்தேகம். ஒரு வருஷம் பனி லேட்டாக வந்ததை வைத்துப் புவி வெப்பமயமாதல் என்று சொல்லிவிடலாமா? முயல் இனம் இத்தனை ஆயிரம் வருஷத்தில் இப்படி எத்தனை பார்த்திருக்கும்! மாறிக்கொள்ளாதா?

ஷெஃபீல்ட்:

நியாயமான கேள்வி சார். நான் பார்த்த ஒரு சனிக்கிழமையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் ஸ்காட்லாந்து மலைகளில் 1950கள் முதல் 2016 வரையிலான கணக்கு இருக்கிறது, மார்கெட்டா ஸிமோவா குழு 2020இல் வெளியிட்டது. வருஷத்தில் பனி கிடக்கும் நாள் 37 குறைந்துவிட்டது. மலைமுயல் நிறம் மாறும் தேதி நகரவே இல்லை. அதனால் வெள்ளை முயல் வெறும் மண்ணில் நிற்கும் காலம் 35 நாள் கூடியிருக்கிறது. இத்தனை தலைமுறை போயும் ஏன் மாறவில்லை? அங்கே க்ரௌஸ் பறவை வேட்டைக்காக நரிகளை வேட்டை நிலக் காவலாளிகள் காலங்காலமாகக் கொன்றுவருகிறார்கள், கழுகும் குறைவு. தப்பான நிறத்தில் நிற்பவற்றைப் பிடித்துத் தின்ன ஆள் இல்லாததால் அந்த மரபு கழியாமல் தங்கியிருக்கலாம் என்பது அவர்கள் சொல்லும் ஒரு காரணம். எனக்கு இது சரியாகத்தான் படுகிறது.

மாறவே மாறாது என்றும் இல்லை. 1855இல் நார்வேயிலிருந்து ஃபாரோ தீவுகளுக்கு மலைமுயல்களைக் கொண்டுபோனார்கள். ஆரம்பத்தில் குளிருக்கு வெளுத்தவைதான். அங்கே பனி நிலைக்காது, சில பத்தாண்டுகளில் வெள்ளை மறைந்தே போனது. அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் ஸ்னோஷூ முயல்களிலேயே குளிரிலும் பழுப்பாக இருப்பவை உண்டு. முடியின் நிறத்தைத் தீர்மானிக்கும் அகூட்டி என்ற மரபணுவின் அந்தப் பழுப்பு வடிவம் வேறொரு இனமான கறுப்புவால் முயலோடு எப்போதோ கலந்ததில் வந்தது என்று 2018இல் கண்டுபிடித்தார்கள். ஆக, பழுப்பு ரகம் ஏற்கெனவே கலந்திருக்கும் இடத்தில் தேறிவிடலாம். அது இல்லாத இடத்தில்தான் சிக்கல்.

ஃபின்மார்க், நோர்வே:

நான் இங்கே மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். முயலை விட எனக்கு ரூப்பெ என்கிற பனிக்கோழிதான் பழக்கம். இறகுதான் என்றாலும் கதை ஒன்றே: குளிரில் முழு வெள்ளை, கோடையில் கல்லும் புல்லும் கலந்த நிறம். மே மாதம் பனி அரைகுறையாக உருகும்போது கவனித்தால், வெள்ளையாக இருக்கும் கோழி பனித் திட்டோடு ஒட்டியே நிற்கும். முயலுக்கு இந்தப் புத்தி இல்லை போலும். கனடாவின் வட துருவப் பக்கம் இதன் உறவுக்காரச் சேவல் இன்னும் கெட்டிக்காரன். பேடைகளைக் கவர வேண்டி, பனி உருகின பிறகும் வெள்ளையாகவே திரியும். பேடை முட்டையிடத் தொடங்கியதும் மண்ணில் புரண்டு வேண்டுமென்றே தன்னை அழுக்காக்கிக்கொள்ளும்! பிறகு ஆறுதலாக இறகு மாற்றும்.

ஆனால் பனித் திட்டே இல்லாமல் போனால் எதோடு ஒட்டி நிற்பது? சில வருடம் இங்கே அப்படித்தான் இருக்கிறது.

டொரோண்டோ:

அந்தச் சேவலைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன், சிரித்து முடியவில்லை. அண்ணா, இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கக் கதையாகிவிடும். இங்கே கனடாவின் வடமேற்கில் இருக்கும் யூக்கோனில் செய்த ஆய்வொன்றில், ஸ்னோவுக்கு முந்தியே வெளுத்த முயல்கள் இலையுதிர்காலத்தில் கூடுதலாகவே தப்பியிருக்கின்றன. வெள்ளை முடி அடர்த்தி, குளிர் தாங்கும். அதனால் தீனி தேடி வெளியே திரியும் நேரம் குறைவு. மொன்டானாவில் சாவு, யூக்கோனில் லாபம். இடத்துக்கு இடம் கணக்கு வேறு.

ஷெஃபீல்ட்:

அருமையான தகவல். பீக்குக்குப் படமெடுக்க வருவதாகத் தனியாகச் செய்தி அனுப்பியவர்களுக்கு: முயல் படுத்திருந்தால் நேராக நடந்து போகாதீர்கள், தள்ளியே இருந்து லென்ஸால் எடுங்கள். கிளப்பிவிட்டால் அந்த வெள்ளை மலை முழுக்கத் தெரிய ஓடும். நாய் கூட்டிவருகிறவர்கள் கவனியுங்கள், திறந்த மலைப் பகுதியில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்குள் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பிப்ரவரியிலும் பிடித்துக்கொள்ளுங்கள்.