பழைய முத்து, லயன் காமிக்ஸ் பழுப்பேறி உதிர்கிறது, எப்படிக் காப்பாற்றுவது?

பரண்வாசி:
நண்பர்களே, 70, 80களின் முத்து, லயன், ராணி காமிக்ஸ் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. ஓரங்கள் தொட்டால் உதிர்கின்றன. பின்கள் துருப்பிடித்துவிட்டன. சிலவற்றில் பழைய செல்லோடேப் ஒட்டியிருக்கிறது, பூச்சி அரித்த ஓட்டைகளும் உண்டு. லேமினேஷன் செய்துவிடலாமா?

துருப்பின்:
லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. இந்த இதழ்கள் அச்சான நியூஸ்பிரிண்ட், மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்த தாள். அதிலுள்ள லிக்னின் (மர நார்களைப் பிணைக்கும் பொருள்) வெளிச்சமும் காற்றும் பட்டு அமிலமாக மாறுகிறது. லேமினேட் செய்தால் அந்த அமிலம் உள்ளேயே இருந்து தாளைத் தின்னும்.

முதலில் பூச்சி. புத்தகங்களை ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி, மைனஸ் 18 டிகிரி அல்லது அதைவிடக் குளிரான டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி அந்தக் குளிரை எட்டாது. வெளியே எடுத்ததும் கவரைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே விடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் சில்லென்ற தாளில் ஈரம் படிந்து அலையலையாக நெளிந்துவிடும்.

அடுத்தது பின். வெளியிலிருந்து இழுத்தால் முதுகு கிழியும். நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் கால்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மழுங்கிய கத்தி முனையால் கால்களை நிமிர்த்துங்கள். பிறகு முதுகுப் பக்கமிருந்து தூக்கினால் வந்துவிடும். அதே ஓட்டைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலால் தைத்து, முடிச்சை உள்பக்கம் போடுங்கள். பக்கவாட்டில் பின் அடித்து அட்டை ஒட்டிய தடிமனான இதழ்களில் துரு பரவாத வரை கை வைக்காதீர்கள்.

அட்டைப்பட_ரசிகன்:
டேப் பற்றி. மேலுள்ள பிளாஸ்டிக் தானாகக் கழன்றிருந்தால் எடுத்துவிடலாம். மஞ்சள் கோந்தைத் தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைக்கவே கூடாது, மை கரைந்து எதிர்ப்பக்கம் வரை ஊறும். கழலாத டேப்பை விட்டுவிடுவதே மேல்.

கிழிசலுக்கு ஜப்பானியத் திசுத்தாள் (மெல்லிய, ஆனால் வலுவான நார்த்தாள்), கோதுமை ஸ்டார்ச் பசை. மைதா வேண்டாம், அதிலுள்ள புரதம் நிறம் மாறும். ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. சிறு தீயில் அரை மணி நேரம் விடாமல் கிளறி, ஆறியதும் வடிகட்டி, பால் ஏடு பதத்துக்கு நீர்க்க வையுங்கள். பைண்டிங் கடைப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. அதை வாங்கிவிடாதீர்கள்: துத்தத்திலுள்ள செம்பு தாள் மட்குவதை வேகப்படுத்தும். பசையைத் திசுத்தாளில் மட்டும், மிக மெல்லிதாகத் தடவுங்கள். நியூஸ்பிரிண்டில் ஈரம் அதிகமானால் காய்ந்த விளிம்பில் பழுப்புக் கோடு விழும். ஒட்டியதும் மேலும் கீழும் பாலியெஸ்டர் துணி, பிளாட்டிங் பேப்பர் வைத்து, பாரம் ஏற்றிக் காயவிடுங்கள்.

பரண்வாசி:
நன்றி, நண்பர்களே! கவர் எது வாங்கலாம்? ஸ்கேன் முதலிலா, ரிப்பேர் முதலிலா?

மாயாவி_கை:
பூச்சிக்குப் பிறகு ஸ்கேன், அப்புறம்தான் ரிப்பேர். உதிரும் துண்டுகள் காணாமல் போகும் முன் படம் இருக்க வேண்டும். 600 டிபிஐ, கலர் மோட், டிஃப் ஃபைல். கறுப்பு வெள்ளை இதழ்தானே என்று இருநிற மோடில் (சாம்பல் சாயலே இல்லாத வெறும் கறுப்பு, வெள்ளை) போட்டால் எல்லாம் போச்சு. 1972இல் முத்துவின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ உலோக விரல்களின் பளபளப்பை மெல்லிய கோடுகளாலேயே கொண்டுவருவார். இருநிற மோடில் அந்தக் கோடுகள் ஒட்டிக்கொண்டு கை வெறும் கறுப்புத் திட்டாகிவிடும். பக்கத்துக்குப் பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள், மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியாது. முதுகு விறைத்த புத்தகத்தை ஸ்கேனரில் அழுத்தாமல், 90 டிகிரி மட்டும் திறந்து கேமராவில் எடுங்கள். ஸ்கேன் உங்களுக்கு மட்டும் இருக்கட்டும். லயன், முத்து பதிப்பகம் இருக்கும் சிவகாசியிலிருந்து மறுபதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. இணையத்தில் ஏற்றினால் அடிபடுவது அந்த முயற்சிதான்.

கவர்: பிவிசி வேண்டாம், அது மையை ஒட்டி இழுக்கும். புதுச் சட்டைக்கு வரும் மொறுமொறுப்பான பாலிபுரொப்பிலீன் கவர் போதும். ஒட்டும் பசை மடிப்பில் இல்லாமல் கவரின் உடலில் இருப்பதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் வெளியே எடுக்கும்போது அட்டை பசையில் மாட்டும். உள்ளே அமிலமற்ற அட்டை ஒன்று. மீண்டும் பரணில் ஏற்றாதீர்கள், மொட்டை மாடிச் சூடு நேரே இறங்கும். வெளிச்சுவரைத் தொடாத பீரோவில் வைத்து, மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நிறம் மாறியதும் மாற்றுங்கள்.